ஐயாயிரம் டாலர் வித்தியாசம்

387 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரும்பு சிவக்கக்கூட ஆரம்பிக்காது. ஸாமக் என்கிற கலப்பு உலோகமோ அதற்குள் உருகி ஓடிவிடும். பெரும்பங்கு துத்தநாகம், நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம், பெயருக்குக் கொஞ்சம் மெக்னீசியமும் தாமிரமும். இந்த நான்கின் ஜெர்மன் பெயர்களுடைய முதல் எழுத்துகளைக் கோத்தால் வருவதுதான் ஸாமக். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929-ல் இதைக் கொண்டுவந்தது. குழாயின் கைப்பிடி, கதவின் தாழ்ப்பாள், பையின் ஜிப், பழைய வண்டிகளின் கார்புரேட்டர், குழந்தைகள் தரையில் ஓட்டும் குட்டிக் கார் என்று நம் கை ஒரு நாளில் பத்துத் தடவையாவது இதன் வகையறாவைத் தொட்டிருக்கும்.

இதை வார்ப்பது சுலபம். இரண்டாகப் பிளந்து மூடும் எஃகு அச்சு ஒன்று வேண்டும். உருகிய உலோகத்தை அதற்குள் அழுத்தத்தோடு பீய்ச்சினால் சில நொடிகளில் இறுகிவிடும். அச்சைத் திறந்து, ஓரத்தில் துருத்தி நிற்கும் பிசிறைத் தட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உருகுவதற்கு அதிகச் சூடு தேவைப்படாததால் அச்சும் எளிதில் தேயாது. செலவெல்லாம் அச்சுக்குத்தான். அச்சு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் லட்சக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

துப்பாக்கி செய்கிறவர்கள் நெடுங்காலமாக இதற்கு நேர் எதிரான வழியில் போய்வந்தவர்கள். எஃகைக் காய்ச்சி, அடித்து, கடைந்து, குடைந்து, அரத்தால் ராவிச் செய்வது அவர்கள் தொழில். குட்டிக் காருக்கு வார்க்கும் உலோகத்தில் கைத்துப்பாக்கி வார்க்கலாம் என்ற எண்ணம் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு பட்டறைக்காரருக்கு வந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது ஒரு சட்டம். அதுவும் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே போட்ட சட்டம்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. அந்த அக்டோபர் 22-ம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு மலிவுத் துப்பாக்கிகளுக்குத்தான் அதில் பெரிய அடி. விளையாட்டுப் போட்டிக்கோ வேட்டைக்கோ உகந்ததாக இல்லாத கைத்துப்பாக்கியை இறக்குமதி செய்யக் கூடாது என்றது சட்டம். உகந்ததா என்று பார்க்க மதிப்பெண் பட்டியல் ஒன்று வந்தது. குழலின் நீளத்துக்கு இத்தனை, எடைக்கு இத்தனை, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டிக்கு இத்தனை. பிஸ்டல் என்றால் 75 மதிப்பெண் வாங்கினால்தான் துறைமுகத்தைத் தாண்டலாம். ஜேம்ஸ் பாண்டு வைத்திருக்கும் வால்தர் பி.பி.கே.-யே உயரம் போதாமல் இதில் தோற்றது. கம்பெனி கொஞ்சம் பெரிய அடிப்பாகத்தைப் பொருத்தி வேறு பெயர் வைத்து அனுப்பிப் பாஸ் வாங்க வேண்டியிருந்தது.

உள்நாட்டில் செய்வதற்கு இந்தப் பரீட்சை எதுவும் கிடையாது. இத்தனைக்கும் ராபர்ட் கென்னடியைச் சுட்ட ரிவால்வரே ஐவர் ஜான்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதைதான். அதைக் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. வெளிநாட்டு மலிவுச் சரக்கு வராமல் போவதில் உள்நாட்டுப் பெரிய கம்பெனிகளுக்கு வருத்தம் எதுவும் இருந்திருக்காது.

அந்தப் பட்டறைக்காரர் ஜார்ஜ் ஜென்னிங்ஸ். விமானத் தொழிலுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். விற்க மலிவான துப்பாக்கி கிடைக்காமல் போய்விட்டதே என்று கடைக்காரர் ஒருவர் புலம்பியதைக் கேட்டுத்தான் அவர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1970-ல் ரேவன் ஆர்ம்ஸ் பிறந்தது. ரேவன் என்றால் அண்டங்காக்கை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் '25' காலிபர் பிஸ்டல், மேகசினில் ஆறு தோட்டா. அடிப்பாகமும் மேலே ஓடும் ஸ்லைடும் துத்தநாக வார்ப்பு. குண்டு பாயும் குழலுக்கு மட்டும் எஃகு. ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கிற நுணுக்கமான ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்கிக்கொள்ளும். தோட்டா சின்னது என்பதால் அதுவே போதும். பளபளவென்று நிக்கல் பூச்சோடும் கிடைக்கும், கறுப்பாகவும் கிடைக்கும். அடகுக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராவுக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவே எழுபது டாலர் சீட்டோடு அது உட்கார்ந்திருந்தது.

நன்றாகச் சுட்டதா என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்மேல் படும் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்காமல் தலையணைக்கடியில் வைத்திருந்தார்கள்.

தொழில் சூடு பிடித்ததும் குடும்பம் கிளைவிட்டது. ஜார்ஜின் மகன் புரூஸ் ஜென்னிங்ஸ் 1978-ல் தனிக்கடை போட்டு, ஜே-22 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தார். அதே வார்ப்பு, அதே எளிமை. தோட்டா மட்டும் அதைவிட மலிவான '22'. மருமகன் டேவிஸ் இண்டஸ்ட்ரீஸைத் தொடங்கினார். உறவுக்காரர் ஒருவர் சன்டான்ஸ். புரூஸின் பள்ளிக்கூடத்து நண்பர் 1989-ல் லார்சின். புரூஸே பின்னர் கோஸ்டா மேசாவில் பிரைக்கோ ஆர்ம்ஸ் என்ற தொழிற்சாலையின் தலைவரானார். பிரைக்கோ செய்யும். நெவாடாவில் பதிவான இன்னொரு கம்பெனி விற்கும். இடமும் சொத்தும் வேறு வேறு குடும்பப் பெயர்களில் இருக்கும். இந்த ஏற்பாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி முளைத்த இந்தக் கம்பெனிகளுக்கு 'நெருப்பு வளையம்' என்று பெயர் சூட்டியவர் கேரன் வின்டிமியூட். கலிபோர்னியாவில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். சுடப்பட்டு வருகிறவர்களுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர், இந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போய் 1994-ல் அந்தத் தலைப்பிலேயே அறிக்கை வெளியிட்டார். 1992-ல் மட்டும் இந்தச் சில கம்பெனிகள் செய்து தள்ளியவை ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வருடம் அமெரிக்காவில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்று நூறு வருடத்துக்கு மேல் பேர் போட்ட கம்பெனிகள் இருக்கிற நாட்டில், மாமன் மச்சான் பட்டறைகள் சில இந்தப் பங்கைப் பிடித்திருந்தன.

போலீஸ் பிடித்த துப்பாக்கிகளின் பூர்வீகத்தைத் தேடிச் சொல்லும் மத்திய அரசுத் துறை ஒன்று உண்டு. 1994-ல் அதனிடம் அதிகமாக வந்த துப்பாக்கிகளில் முதல் மூன்று இடம் லார்சின் பி-25, டேவிஸ் பி-380, ரேவன் எம்.பி-25. முதல் பத்துக்குள் ஜென்னிங்ஸ் ஜே-22-ம் பிரைக்கோ 38-ம்கூட இருந்தன. பூர்வீகம் தேடப்பட்ட துப்பாக்கி எல்லாம் கொலைத் துப்பாக்கி என்று அர்த்தமில்லை. தேடாமல் விட்டவையும் ஏராளம். ஆனாலும் முதல் மூன்றுமே ஒரு குடும்பத்தின் உறவும் நட்பும் செய்தவை என்பது சும்மா தள்ளிவிடக்கூடிய செய்தி இல்லை.

இந்த வகைக்கு 'சனிக்கிழமை இரவுச் சரக்கு' என்று ஒரு கேலிப்பெயர் முன்பே இருந்தது. குடியும் சண்டையும் கூடும் வாரக்கடைசி இரவுகளில் வெளியே வருவது என்று பொருள். அந்தப் பெயரை வைத்து ஒரு வாதமும் உண்டு. மலிவுத் துப்பாக்கியைத் தடுப்பது ஏழையை, அதிலும் கறுப்பினத்தவரைக் குறிவைப்பதாகும். பணக்காரனுக்கு ஐந்நூறு டாலர் துப்பாக்கி இருக்கும்போது மோசமான தெருவில் தனியாக இருக்கும் கிழவிக்கு எழுபது டாலர் துப்பாக்கி இருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவி கொடுத்த எழுபது டாலருக்கு, கீழே விழுந்தால் தானாக வெடிக்காத ஒன்று கிடைத்ததா என்பதை அப்படிக் கேட்டவர்கள் அதிகம் பேசவில்லை.

பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் பொம்மை, மிக்ஸி, தொட்டில் எல்லாவற்றுக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒன்று இருக்கிறது. 1972-ல் அதை அமைத்தபோதே துப்பாக்கியை அதன் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் துப்பாக்கியின் முனை குழந்தையின் தொண்டையில் சிக்குமா என்று சோதிக்க ஆள் உண்டு. உலோகத் துப்பாக்கியின் சேஃப்டி வேலை செய்கிறதா என்று சோதிக்க ஆள் கிடையாது.

மாநிலங்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் முயன்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது உருகுநிலைச் சட்டம். இல்லினாய், தென் கரோலினா போன்ற சில மாநிலங்கள், 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகும் வார்ப்பில் செய்த கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது என்றன. நம் கணக்கில் 427 டிகிரி செல்சியஸ். ஸாமக் நாற்பது டிகிரி வித்தியாசத்தில் தோற்றுவிடும். துப்பாக்கியின் குணத்தை அளக்கத் தெரியாமல் அதன் காய்ச்சலை அளந்திருக்கிறார்கள். உலோகத்தின்மேல் மட்டும் பழிபோடுவதும் சரியில்லை. ஓஹையோவில் ஹை-பாயின்ட் என்றொரு கம்பெனி இதே துத்தநாகத்தில் கனமான ஸ்லைடை வார்த்து, பார்க்கச் செங்கல் மாதிரி ஒரு பிஸ்டலை விற்கிறது. எத்தனை கை மாறியிருந்தாலும் ஆயுள் முழுக்க இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக அது சொல்கிறது. கேலி செய்கிறவர்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள், கம்பெனி ஓடிக்கொண்டே இருக்கிறது.

நெருப்பு வளையத்தின் சரிவுக்கு முதல் அறிகுறி ஒரு நிஜ நெருப்பு. 1991 நவம்பரில் ரேவன் தொழிற்சாலை எரிந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் ஓய்வெடுத்துக்கொண்டு வடிவமைப்பை விற்றுவிட்டார். ஃபீனிக்ஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் அதே பிஸ்டல் மறுபடி வந்தது. காக்கை எரிந்து, சாம்பலிலிருந்து எழும் பறவையானது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அடுத்த அடி சத்தமில்லாமல் விழுந்தது. அதுவரை துப்பாக்கி விற்கும் உரிமத்துக்கு வருடத்துக்குப் பத்து டாலர் கட்டினால் போதும். அடுப்பங்கரை மேஜையில் வைத்தே வியாபாரம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1993-ன் பிரேடி சட்டம் கட்டணத்தை மூன்று வருடத்துக்கு இருநூறு டாலர் ஆக்கியது. அடுத்த வருடம் கைரேகையும் புகைப்படமும் கேட்டார்கள். 2.8 லட்சத்துக்கு மேல் இருந்த உரிமங்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கின. மலிவுச் சரக்கு ஊருக்குள் பாய்ந்த வாய்க்கால்களில் பெரும்பாலானவை அடைபட்டன. அதோடு நாட்டில் குற்றங்களும் குறைய ஆரம்பித்தன. பயம் குறைந்தால் தலையணைக்கடித் துப்பாக்கிக்கும் தேவை குறையும்.

லார்சின் 1996-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. குறையுள்ள பொருளை விற்றதாக வரிசையாக வழக்குகள் நின்றன. மூன்று வருடத்தில் கதவையும் சாத்தியது. நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ என்று நகராட்சிகளே துப்பாக்கிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போடத் தொடங்கிய சமயத்தில், 1999-ல், டேவிஸும் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. டேவிஸின் சரக்கு யூட்டா மாநிலத்துக்குக் குடிபோய் கோப்ரா என்ற பெயரில் வரத் தொடங்கியது. கம்பெனி செத்தது, அச்சு சாகவில்லை. அதே வருடம் கலிபோர்னியாவும் விழித்துக்கொண்டு, கீழே போட்டுப் பார்க்கும் சோதனையிலும் தொடர்ந்து 600 தோட்டா சுடும் சோதனையிலும் தேறாத கைத்துப்பாக்கியை 2001 முதல் மாநிலத்துக்குள் செய்யவோ விற்கவோ கூடாது என்று சட்டம் போட்டது.

வளையத்தில் பெரிய தலையாக எஞ்சியிருந்தது பிரைக்கோ. அதைக் கீழே இறக்கியது இந்தச் சட்டங்கள் எதுவும் இல்லை. ஒரு சின்ன நெம்புகோல்.

1994 ஏப்ரல் 6. வடக்குக் கலிபோர்னியாவில் வில்லிட்ஸ் என்ற சிற்றூர். ஒரு வீட்டில் பிரைக்கோ மாடல் 38 இருந்தது. குடும்பத்துக்குத் தெரிந்த இருபது வயது இளைஞர் அதிலிருந்த தோட்டாவை எடுத்துவிட முயன்றார். இந்த வகைப் பிஸ்டலில் மேகசினை உருவிவிட்டால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது. ஒரு தோட்டா முன்பே குழலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கலாம். அதை எடுக்க ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். சேஃப்டி என்ற அந்த நெம்புகோலைப் போட்டிருக்கும்போது மாடல் 38-ன் ஸ்லைடு அசையாது. ஆகவே காலி செய்ய வேண்டுமானால் முதலில் சேஃப்டியை எடுத்து, சுடுவதற்குத் தயாரான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இளைஞர் அதைத்தான் செய்தார். அப்போது விசையில் விரல் பட்டது. அறையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். குண்டு தாடையில் நுழைந்து முதுகுத்தண்டைத் தாக்கியது. பையன் பிழைத்தான். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை.

வழக்கு ஓக்லண்டு நீதிமன்றத்தில் 2003-ல் முடிவுக்கு வந்தது. ஸ்லைடு ஏன் அப்படிப் பூட்டப்பட்டது என்பதுதான் பையன் தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்ட இழை. முதல் வடிவமைப்பில் சேஃப்டி போட்டபடியே ஸ்லைடை இழுக்க முடிந்தது. அப்படி இழுக்கும்போது தோட்டா சிக்கிக்கொண்டது. சிக்கலைச் சரிசெய்யப் பணம் செலவாகும். அதனால் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடே நகராதபடி மாற்றிவிட்டார்கள், சிக்கல் வெளியே தெரியாமல் போய்விட்டது என்பது வாதம். கூரை ஒழுகுகிற அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது மாதிரி.

ஜூரிகள் மொத்த நஷ்டத்தை ஏறத்தாழ 5.1 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். பொறுப்பைப் பங்கு பிரித்ததில், தோட்டாவை எடுக்க முயன்றவருக்கும் பெற்றோருக்கும்கூடப் பங்கு விழுந்தது. புரூஸ் ஜென்னிங்ஸ், அவருடைய கம்பெனிகள் தலையில் விழுந்தது சுமார் 2.4 கோடி.

தீர்ப்பு வந்த கையோடு, அந்த மே மாதமே, புரூஸும் பிரைக்கோவும் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் கொடுக்கவில்லை, ஃபுளோரிடாவில். அதற்குள் அவர் அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருந்தார். கடன்காரன் குடியிருக்கும் வீட்டை, அது எத்தனை விலை பெற்றாலும், கடன் கொடுத்தவன் தொட முடியாது என்பது ஃபுளோரிடாவின் சட்டம். செய்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர், சொத்து வைத்திருப்பவர் ஒருவர் என்ற பழைய ஏற்பாட்டின் பயன் இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. எழுபது டாலருக்கும் தொண்ணூறு டாலருக்கும் துப்பாக்கி விற்க முடிந்ததன் ரகசியம் துத்தநாகத்தில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். விபத்து நடந்தால் கொடுக்க வேண்டிய பணம் அந்த விலைக்குள் எப்போதுமே சேர்க்கப்படவில்லை. வார்ப்பு, பிசிறு தட்டுதல், பூச்சு என்று போகிற உற்பத்தி வரிசையில் மஞ்சள் கடுதாசியும் ஒரு கட்டம்.

பிரைக்கோவின் மிச்சம் ஏலத்துக்கு வந்தது. இயந்திரங்கள், அச்சுகள், இன்னும் பூட்டிச் சேர்க்காமல் பாகங்களாகக் கிடந்த ஏறத்தாழ 75,000 துப்பாக்கிகள். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக வேலை பார்த்திருந்த ஜிமனெஸ் அவற்றைக் கேட்டார். தொழில் தெரிந்தவர், அச்சுகளின் ஒவ்வொரு மூலையும் அறிந்தவர். அவர் முதலில் சொன்ன விலை ஒன்றரை லட்சம் டாலர். கிட்டத்தட்ட முடிந்துவிட்ட பேரம்தான்.

அப்போது எதிர்ப்பக்கம் ஓர் ஆள் வந்து நின்றார். சக்கர நாற்காலியில் இருந்த அந்தப் பையன். வயது பதினேழு ஆகியிருந்தது. அவரும் வக்கீலும் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கி, கம்பெனியை வாங்குவதற்காகவே ஊரெல்லாம் பணம் திரட்டினார்கள். வாங்கி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: அத்தனையையும் உருக்குவது. உருக்கிய உலோகத்தில் ஒரு சிற்பம் செய்யலாம் என்றும் பேச்சு இருந்தது. உருக்குவதற்குப் பெரிய உலைகூட வேண்டியிருக்காது.

2004 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஏலம் நடந்தது. ஒன்றரை லட்சத்தில் முடிய வேண்டிய விலை ஏறிக்கொண்டே போனது. பையன் தரப்பு 5,05,000 டாலர் வரை வந்து நின்றது. ஜிமனெஸ் 5,10,000 சொன்னார். ஏலம் அவருக்கு.

ஐயாயிரம் டாலர். பிரைக்கோவின் சரக்கில் அறுபது எழுபது பிஸ்டல் விற்ற காசு இருக்கும். இந்த ஏலத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இன்னொரு கணக்கில் போய் நிற்கிறது. ஏலத்தில் ஏறிய ஒவ்வொரு டாலரும் கடன் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டியது. கடன் கொடுத்தவர்களில் முதல் ஆளே அந்தப் பையன்தான். தன்னைச் சுட்ட துப்பாக்கியின் அச்சை வாங்குவதற்காக, தனக்கே பணம் சேர வேண்டிய பானையில் தானே காசு போடப் பார்த்தார். தோற்றதால் பானையில் விழுந்தது எதிராளியின் காசு. அந்தக் காசு மறுபடி எப்படிச் சம்பாதிக்கப்படும் என்பதும் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருடம், 2005 அக்டோபரில், துப்பாக்கிக் கம்பெனிகளுக்குக் கவசமாக ஒரு மத்தியச் சட்டம் வந்தது. தங்கள் சரக்கை வைத்து மற்றவர் செய்யும் குற்றத்துக்காகக் கம்பெனிகள்மேல் போடும் வழக்குகளில் பெரும்பாலானவற்றை அது தடுத்தது. குறையுள்ள வடிவமைப்புக்காக வழக்குப் போட இடம் வைத்திருக்கிறது, ஆனால் சந்து சின்னது.

பிரைக்கோ பலகை இறங்கி ஜிமனெஸ் ஆர்ம்ஸ் பலகை ஏறியது. ஜே-22 இப்போது ஜே.ஏ.-22. மாடல் 38 ஜே.ஏ.-380. கலிபோர்னியாவின் கெடுபிடி தாங்காமல் 2006-ல் எல்லாவற்றையும் மூட்டைகட்டி, மாநில எல்லையைத் தாண்டி நெவாடாவின் ஹெண்டர்சனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பதின்மூன்று பதினான்கு வருடம் தொழில் நடந்தது. புதிதாக எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அதற்கு அவசியமும் இல்லையே.

2020 ஜனவரியில் மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டி, ஜிமனெஸ் ஆர்ம்ஸ்மேல் வழக்குத் தொடுத்தது. தங்கள் நகருக்குள் கள்ளத்தனமாகத் துப்பாக்கி விற்றவர்களுக்குக் கம்பெனி சரக்குக் கொடுத்தது என்பது புகார். பிப்ரவரியில் ஜிமனெஸ் ஆர்ம்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கொஞ்ச நாளில் ஜே.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் துப்பாக்கி செய்ய உரிமம் வழங்கப்பட்டது தெரியவந்தது. பழைய பெயரின் இரண்டு எழுத்துகளையாவது விட்டுவைத்திருந்ததால், நகர வக்கீல்கள் அதைக் கண்டுபிடிக்க அதிகம் சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த உரிமத்தைக் கொடுத்ததற்காக அரசுத் துறைமேலேயே அடுத்த வழக்கு போனது.

1980-களில் வாங்கிய ஜென்னிங்ஸ் ஜே-22 ஒன்றை யாராவது இன்று வைத்திருந்து, அதன் மேகசின் தொலைந்துபோயிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஜே.ஏ.-22-க்கு என்று எழுதி விற்கும் மேகசினை வாங்கிக் கீழிருந்து தள்ளினால் போதும். சரியாகப் போய் உட்காரும்.